புதியவர் முதல் கேள்வி கேட்கும் முன்: நிரல்மொழிக் குழு நடத்த வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான ஓர் உதவிக் குழுவை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஆறு மாதம் அதைச் சரியாக நடத்தவில்லை. ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள், கேள்விகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. காரணம் ஒரே ஒரு கேள்வியில்தான் பிடிபட்டது.

தமிழ் இலக்கியம் படித்துவிட்டு நிரல் எழுதப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டார்: “தமிழ் என்ற சொல்லுக்கு நீளம் கேட்டால் 5 என்று வருகிறது. மூன்று எழுத்துதானே? எங்கே தப்பு செய்திருக்கிறேன்?” பத்து நிமிடத்தில் நான்கு பதில்கள். ஒருவர் “யூனிகோட் படிச்சிட்டு வாங்க” என்றார். இன்னொருவர் விழுந்து விழுந்து சிரிக்கும் ஸ்டிக்கர் போட்டார். மூன்றாமவர் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறைகளான யூடிஎஃப்-8, யூடிஎஃப்-16 பற்றி வாக்குவாதத்தைத் தொடங்கினார். நான்காவது பதில் என்னுடையது: “இது அடிப்படை, பலமுறை பேசியாச்சு, மேலே தேடுங்கள்.” அவர் “சரி சார், நன்றி” என்று எழுதினார். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் குழுவிலேயே இல்லை. அன்றைக்கு நானே மேலே தேடிப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு அங்கே பதிலே இல்லை.

அந்த நான்கு பேரும் கெட்டவர்கள் இல்லை. வேலை முடிந்து வந்து, காசு வாங்காமல் இரவில் உட்கார்ந்து பதில் சொல்கிறவர்கள். முன்னேற்பாடு இல்லாத குழுவில் நல்லவர்களும் இப்படித்தான் பதில் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அந்த முன்னேற்பாட்டைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் பைத்தானில் இருக்கும், ஆனால் ஜாவா, ரஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் எதற்கானாலும் வேலை இதேதான். ஆள் சேர்ப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பணம் அநேகமாக ஆகாது.

1. இடத்தைத் தேர்ந்தெடுங்கள் (செலவுக் கணக்கு இங்கேதான்)

வாட்ஸ்அப்பில் தொடங்காதீர்கள். எல்லாரிடமும் இருக்கிறது என்பதால் முதலில் அதுதான் தோன்றும், எனக்கும் தோன்றியது. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவருடைய தொலைபேசி எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் எண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல்பகுதி) பற்றிக் கேட்க வேண்டும் என்றால் நிறையப் பெண்கள் சேரவே மாட்டார்கள், சேர்ந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள்.

டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொள்ளலாம், 2 லட்சம் பேர் வரை சேரலாம், செலவில்லை. குழு அமைப்புகளில் “புதிய உறுப்பினர்களுக்குப் பழைய உரையாடல் தெரியலாமா” என்று ஒரு தேர்வு இருக்கும், அதைத் தெரியும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நேற்று சேர்ந்தவரிடம் போய் “மேலே தேடுங்கள்” என்பீர்கள், அவருடைய திரையில் மேலே ஒன்றுமே இருக்காது. எங்கள் குழுவில் நடந்தது இதேதான்.

டிஸ்கார்டும் இலவசம். ஒவ்வொரு கேள்விக்கும் தனி இழை திறக்கும் ஃபோரம் சேனல் வசதி அதில் இருப்பதால் ஒருவர் கேள்விக்குள் இன்னொருவர் கேள்வி புகுந்து காணாமல் போகாது. ஆனால் முதல்முறை உள்ளே வருகிறவருக்கு இடப்பக்கம் இருக்கும் சேனல் வரிசையைப் பார்த்தாலே தலை சுற்றும், அதனால் மூன்று சேனலுக்கு மேல் திறக்காதீர்கள். ஸ்லாக்கில் இலவசத் திட்டத்துக்கு 90 நாள் வரையுள்ள செய்திகள்தான் தெரியும், அதனால் நல்ல பதில்கள் எல்லாம் மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பைத்தானும் ரஸ்ட்டும் தங்கள் அதிகாரபூர்வ விவாதத் தளங்களை டிஸ்கோர்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் நடத்துகின்றன. அதை நீங்களே நிறுவலாம், 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வராவது வேண்டும், மாதம் சுமார் 500 ரூபாயிலிருந்து செலவு தொடங்கும். முதல் வருடத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

2. நடத்தை விதியை எழுதி முடித்துவிட்டு ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்

சண்டை வந்தபிறகு விதி எழுதினால் அது யாரோ ஒருவருக்கு எதிராக எழுதியதாகத்தான் தெரியும். நாங்கள் அப்படி எழுதி, ஒரு நல்ல பதிலாளரை இழந்தோம்.

வெற்றுத்தாளிலிருந்து தொடங்க வேண்டாம். கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்று ஒரு பொது மாதிரி இருக்கிறது. கோரலைன் அடா எம்கே 2014-ல் எழுதியது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது, மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு மொழிபெயர்க்கலாம், வெட்டலாம், சேர்க்கலாம். அதன் 2.0 பதிப்பில் நடவடிக்கைகளுக்கு நான்கு படிகள் கொடுத்திருக்கிறார்கள்: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. உங்களுக்கும் அவை போதும்.

அடுத்து ரஸ்ட் மொழியின் நடத்தை விதியை ஒருமுறை வாசியுங்கள். சின்னதுதான், பத்து நிமிடம். நீங்கள் சொன்னதையோ செய்ததையோ ஒருவர் தப்பாக உணர்ந்தால் வாதாடத் தொடங்காமல் அதை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேளுங்கள் என்கிறது அது. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் நம் ஊர்க் குழுக்களில் பெரும்பாலான சண்டை முதல் சொல்லால் வளர்வதில்லை, “நான் அப்படி என்ன தப்பா சொல்லிட்டேன்” என்ற இரண்டாவது சொல்லால்தான் வளர்கிறது.

நியூயார்க்கில் நிரலர்கள் சில மாதம் தங்கள் விருப்பப்படி படிக்கக் கூடும் ரிகர்ஸ் சென்டரில் சில சமூக விதிகள் வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு எல்லா நிரல்மொழிக் குழுவுக்கும் பொருந்தும். ஒன்று, ஒருவருக்கு ஒரு விஷயம் தெரியாது என்றதும் ஆச்சரியப்பட்டதுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது: “என்னது, ஜிட் தெரியாதா?” (ஜிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி.) இரண்டு, பேச்சின் போக்குக்குத் தேவையே இல்லாத சின்னத் தவறைப் பிடித்து “சரியாகச் சொல்லப்போனால்…” என்று குறுக்கே வரக் கூடாது. இதை மீறினால் பெரிய குற்றம் இல்லை, மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே போகலாம் என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள், அப்போதுதான் பழையவர்கள் பயப்படாமல் இருப்பார்கள்.

அப்புறம் எந்த ஆங்கில மாதிரியிலும் இல்லாத, நமக்கே நமக்கான வரிகள் சில வேண்டும். நாங்கள் சேர்த்தவை இவை. வயது எதுவானாலும் எல்லாரையும் “நீங்கள்” என்றே கூப்பிட வேண்டும், “டா” போடுவதெல்லாம் நண்பர்கள் தனியாகப் பேசும்போது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், ஆளைத் தெரியாமல் ப்ரோ, சிஸ் வேண்டாம். எந்தக் கல்லூரி, எந்த மீடியம், எந்த ஊர் என்று பதிலுக்கு முன் விசாரிக்கக் கூடாது. ஆங்கிலப் பிழையைச் சுட்டிக்காட்டக் கூடாது. யாழ்ப்பாணத்து வழக்கையோ நாகர்கோவில் வழக்கையோ நடித்துக்காட்டி விளையாடக் கூடாது. கடைசி வரிக்குக் காரணம், இலங்கையிலிருந்து சேர்ந்த ஒருவர் “விளங்கேல்ல” என்று எழுதியதை நாலு நாள் எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தது. பாசத்தில் சொன்னதாகத்தான் சொன்னவர்கள் நினைத்தார்கள். அவர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்.

முறையிடும் வழியை விதியின் கடைசியில் வையுங்கள்: யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, அட்மின் மீதே புகார் என்றால் யாரிடம் போவது. குறைந்தது இரண்டு பேர் பெயர் இருக்கட்டும், ஒருவர் பெண்ணாக இருக்க முழுமுயற்சி செய்யுங்கள். மொத்த விதியும் போன் திரையில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். எழுத ஒரு வாரம், நாலு பேரிடம் காட்டித் திருத்த மூன்று நாள்.

3. வரவேற்புப் பதிவு

குழுவின் மேலேயே பொருத்தி (பின் செய்து) வைக்கும் முதல் பதிவு. பலர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். பன்னிரண்டு “கூடாது” வரிசையாக இருக்கும், கூடவே “கேள்வி கேட்பது எப்படி” என்று ஒரு நீளமான ஆங்கிலக் கட்டுரைக்கு இணைப்பு. வாசிக்கிறவருக்கு “நீ இங்கே வந்ததே தொந்தரவு” என்றுதான் கேட்கும்.

எங்கள் பதிவை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

“வணக்கம். இங்கே எந்தக் கேள்வியும் கேட்கலாம். தமிழில், ஆங்கிலத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, எப்படி வருகிறதோ அப்படி. முடிந்தால் நான்கு விஷயம் சேர்த்து அனுப்புங்கள்: என்ன செய்ய நினைத்தீர்கள், எழுதிய நிரல், வந்த பிழைச்செய்தி, உங்கள் பைத்தான் பதிப்பு. எதையாவது சேர்க்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, நாங்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். பதில் வர ஒரு நாள் ஆகலாம். ஒரு நாள் தாண்டினால் திரும்பக் கேளுங்கள், அது தொந்தரவு இல்லை.”

கடைசி வாக்கியம் முக்கியம். பதில் வராத கேள்வியை இரண்டாவது முறை கேட்க நம் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள்.

இதனுடன், அடிக்கடி வரும் கேள்விகளுக்கு ஒரு தனிப் பதிவு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் பைத்தான் நிறுவும்போது பாத்-தில் (கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கும் பெட்டியை டிக் செய்யாமல் விட்டது, கட்டளைத் திரையில் பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறப்பது, இன்புட் வழியாக வாங்கிய 5-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 10 வராமல் 55 வருவது, டேப்பும் இடைவெளியும் கலந்த இண்டென்டேஷன் (வரியின் தொடக்கத்தில் விடும் இடம்). முதல் வாரக் கேள்விகளில் பெரும்பகுதி இவைதான். ஒரு எச்சரிக்கை: இணைப்பை மட்டும் வீசாதீர்கள். “இதே சிக்கல் எனக்கும் வந்தது, மூன்றாவது பகுதியைப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் சொல்லுங்கள்” என்று ஒரு வரி சேர்க்க இருபது நொடிதான் ஆகும்.

4. முதல் கேள்விக்குப் பதில்

எல்லாவற்றிலும் பெரிய வேலை இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் வரியில் அவருடைய பயத்தை எடுத்துவிடுங்கள், இரண்டாவது வரியில் விடையைக் கொடுங்கள், மூன்றாவதில் அடுத்து எங்கே போகலாம் என்று காட்டுங்கள். நீளம் பற்றிய அந்தக் கேள்விக்கு இன்று பதில் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“உங்கள் நிரலில் தப்பு எதுவும் இல்லை. பைத்தான் நம் எழுத்துகளை எண்ணவில்லை, யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி, ஆக ஐந்து. எழுத்து எழுத்தாக எண்ண வேண்டுமானால் ஓப்பன்-தமிழ் என்ற நிரல் நூலகத்தில் அதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, நிறுவத் தெரியாவிட்டால் சொல்லுங்கள்.”

மூன்று நிமிட வேலை. தமிழ் தெரிந்து நிரல் பழகும் ஒருவர் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்விகளில் ஒன்று அது, அதைத்தான் நாங்கள் நால்வர் சேர்ந்து விரட்டினோம்.

சில சொற்களைக் கைவிட்டுவிடுங்கள். “ஜஸ்ட்”, “சும்மா இதைப் பண்ணினா போதும்”, “ஈஸிதான்”, “சிம்பிள்” எல்லாம் நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் மூன்று மணிநேரம் போராடிவிட்டு வந்தவருக்கு “உனக்கு இதுகூட வரவில்லையா” என்றே கேட்கும். “கூகுள் பண்ணுங்க” வேண்டவே வேண்டாம். அவர் தேடியிருப்பார், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்று தெரிந்திருக்காது. தேட வேண்டிய சொல்லைக் கொடுங்கள், அது உதவி. நிரலர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு அனுப்புவதாக இருந்தால் கூடவே சொல்லி அனுப்புங்கள்: அங்கே புதுக் கணக்குக்கு 1 புள்ளிதான் இருக்கும், பிறருடைய பதிவின் கீழ் கருத்து எழுத 50 புள்ளி வேண்டும். இது தெரியாமல் சந்தேகத்தை விடைப் பெட்டியில் எழுதி, அது நீக்கப்பட்டு, தன்னை விரட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். புதியவர்களை வரவேற்கும் இடமாகத் தாங்கள் இல்லை என்று 2018-ல் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

பதிப்பைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஒருவர் “ஐந்தாவது வரியில் எரர்” என்பார், நீங்கள் பார்த்தால் நான்காவது வரியில் அடைப்புக்குறி மூடாமல் இருக்கும். கண் தெரியவில்லையா என்று கேட்கத் தோன்றும். பைத்தான் 3.10-க்கு முந்தைய பதிப்புகள் அப்படித்தான் அடுத்த வரியைக் காட்டி “தவறான தொடரமைப்பு” என்று மட்டும் சொல்லும். 3.10-லிருந்துதான் அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று நேராகச் சொல்கிறது. கல்லூரி லேப்களில் பழைய பதிப்புகள் இன்னும் ஓடுகின்றன. அவர் திரையில் என்ன வந்ததோ அதைத்தான் அவர் சொன்னார்.

நாம் அனுப்பும் நிரலாலும் சிக்கல் வரும். ஐபோனில் தட்டி அனுப்பினால் மேற்கோள்குறிகள் தானாக வளைந்துகொள்ளும், அதை அப்படியே ஒட்டினால் பைத்தான் ஏற்காது. “நான் கொடுத்ததையே ஒழுங்கா காப்பி பண்ணத் தெரியலையே” என்று ஒருவர் எழுதிவிட்டு, பிறகு தன் போன்தான் காரணம் என்று தெரிந்து வருந்தியதைப் பார்த்திருக்கிறேன். நிரலை மூன்று பின்மேற்கோள் குறிகளுக்குள் (```) வைத்து அனுப்புங்கள், அனுப்பும் முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

திரையைப் போன் கேமராவில் சாய்வாக எடுத்து அனுப்புவார்கள். எரிச்சல் வரும். லேப் கணினியில் இணையம் இருக்காது, பக்கத்தில் கிடப்பது போன் ஒன்றுதான், அதனால்தான் படம். சிலரிடம் கணினியே கிடையாது, போனிலேயே ஒரு செயலியை வைத்து நிரல் எழுதுகிறார்கள். “பிழைச்செய்தியின் கடைசி வரியை மட்டும் தட்டச்சு செய்து அனுப்ப முடியுமா?” என்று கேளுங்கள். பைத்தானில் பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே விஷயம் இருக்கும்.

வீட்டுப்பாடக் கேள்விகள் நவம்பரிலும் ஏப்ரலிலும் வெள்ளமாக வரும், “நாளைக்கு லேப் எக்ஸாம் சார், அர்ஜென்ட்” என்று. முழு நிரலை எழுதிக் கொடுக்காதீர்கள், கடிந்துகொள்ளவும் வேண்டாம். “எதுவரை எழுதியிருக்கிறீர்கள், அதை அனுப்புங்கள், அங்கிருந்து போவோம்” போதும். அனுப்புகிறவர் கற்றுக்கொள்ள வந்தவர். அனுப்பாதவர் தானாகவே போய்விடுவார். சாட்ஜிபிடி எழுதிய நிரலை ஒட்டுகிறவரிடமும் இப்படித்தான், “நீங்களா எழுதினீங்க?” என்று குறுக்கு விசாரணை செய்வதைவிட “இதில் எந்த வரி வரைக்கும் புரிகிறது?” என்று கேட்டால் பேச்சு தொடரும்.

நேரம் பற்றி: எங்கள் குழுவில் இரவு 8 முதல் 11 வரைதான் கேள்விகள் குவியும். அந்த நேரத்துக்கு இரண்டு பேர் முறைவைத்து இருக்கிறோம். விடை தெரியாவிட்டாலும் “பார்த்தேன், நாளை காலை முயன்று சொல்கிறேன்” என்று ஒரு வரி அன்றைக்கே போய்விடும்.

5. பழையவர்களைத் தயார்படுத்துங்கள்

புதியவருக்கு எவ்வளவு விதி சொல்கிறோமோ அதில் பாதியாவது பதில் சொல்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. திறப்பதற்கு முன் ஐந்தாறு பேரை ஒரு மணிநேரம் உட்காரவைத்து, பழைய கேள்விகள் மூன்றைக் கொடுத்து எல்லாரையும் பதில் எழுதச் சொல்லுங்கள், பிறகு அவற்றைச் சத்தமாக வாசியுங்கள். தான் எழுதியதைத் தன் காதால் கேட்கும்போது தொனி தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது.

ஒரு கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டால் மற்றவர்கள் காத்திருப்பது நல்ல பழக்கம். ஒரே நேரத்தில் ஐந்து பேர் ஐந்து வழி சொன்னால் புதியவர் எதைப் பிடிப்பார்? சொன்ன பதில் தவறாக இருந்தால் திருத்துங்கள், ஆனால் “லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனில் ஒரே வரியில் முடியுமே” என்று அழகு பார்ப்பதை, கேள்வி கேட்டவர் கிளம்பியபிறகு தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். லூப்பே புரியாமல் வந்தவர் அதைப் படித்து, தான் எழுதிய ஓடுகிற நிரலையும் தப்பு என்று நினைத்து அழித்துவிடுவார்.

6. தனிச்செய்தித் தொல்லை

இதில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். பெண் பெயரில் ஒரு கேள்வி வந்தால் அரைமணிக்குள் “ஹாய், நான் ஹெல்ப் பண்றேன்” என்று தனியாகச் செய்தி போகும். போகும் என்று எனக்குத் தெரியவே ஒரு வருடம் ஆனது, ஏனென்றால் யாரும் புகார் சொல்லவில்லை, வெளியேறிவிட்டார்கள். விதியில் தெளிவாக எழுதுங்கள்: கேட்காமல் தனிச்செய்தி அனுப்பக் கூடாது, உதவி எல்லாம் பொதுவில். வரவேற்புப் பதிவில் “யாராவது தனியாகச் செய்தி அனுப்பினால் படமெடுத்து இவருக்கு அனுப்புங்கள்” என்று பெண் அட்மின் பெயரோடு போடுங்கள். உதவி என்ற பெயரில் வந்தது என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. ஆபாசம், மிரட்டல் என்றால் எச்சரிக்கையே இல்லை, அன்றைக்கே நீக்கம்.

7. எச்சரிக்கையும் நீக்கமும்

நாங்கள் பின்பற்றும் வரிசை இது. முதல் முறை, அன்றைக்கே தனியாக ஒரு செய்தி: எந்த வாக்கியம், யாரை எப்படிப் பாதித்தது, எப்படிச் சொல்லியிருக்கலாம். இரண்டாவது முறை, பொதுவில் ஒரே வரி: “இந்தத் தொனி இங்கே வேண்டாம்.” புதியவருக்காகப் பேச ஆள் இருக்கிறது என்று அவருக்கும் வாசிக்கிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். மூன்றாவது, ஒரு வாரம் எழுதத் தடை, டெலிகிராம், டிஸ்கார்ட் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. அதற்கு மேல் நீக்கம். புகார் வந்தால் 24 மணிநேரத்துக்குள் “கிடைத்தது, பார்க்கிறோம்” என்று பதில், ஒரு வாரத்துக்குள் முடிவு.

ஆவணம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நடந்தது என்ன, படம், யார் முடிவெடுத்தார்கள், சம்பந்தப்பட்டவரிடம் என்ன சொன்னோம், இவ்வளவு போதும். ஒரு எக்செல் கோப்பு, அட்மின்கள் மட்டும் பார்க்கும்படி. படத்தை முதலில் எடுத்துவிட்டுச் செய்தியை நீக்குங்கள். டெலிகிராமில் அட்மின்களுக்கான சமீபத்திய செயல்கள் பட்டியல் 48 மணிநேரம் வரைக்கும்தான் காட்டும், அதற்குப்பிறகு எந்தச் சாட்சியும் இல்லாமல் இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்பீர்கள்.

நீக்கப்பட்டவர் “நியாயமா?” என்று கேட்க வழி வேண்டும். ரஸ்ட் விதியில் உள்ளதையே நாங்களும் வைத்திருக்கிறோம்: தடை செய்த மாடரேட்டரிடமோ (குழுவைக் கண்காணிப்பவர்) வேறொரு மாடரேட்டரிடமோ தனியாகப் பேசலாம், பொதுவில் அந்தப் பஞ்சாயத்து கிடையாது. மாடரேட்டர்களுக்கு மற்றவர்களைவிடக் கடுமையான அளவுகோல் என்றும் அந்த விதி சொல்கிறது. அதை மனதார ஏற்காமல் அட்மின் ஆகாதீர்கள். 2021 நவம்பரில் அந்த ரஸ்ட்டின் மாடரேஷன் குழுவே மொத்தமாகப் பதவி விலகியது, மொழியின் மையக் குழு தங்களைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லாத இடத்தில் இருக்கிறது என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். அவ்வளவு நல்ல விதி எழுதியவர்களுக்கே அந்த நிலை. உங்கள் குழுவை நிறுவியவர், எல்லாரையும்விட நன்றாக நிரல் எழுதுகிறவர், அவர் ஒரு புதியவரைக் கேவலமாகப் பேசினால் என்ன செய்வது என்று ஆள் சேர்ப்பதற்கு முன்பே அவரையும் வைத்துக்கொண்டு பேசி முடிவெடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

மரியாதை புதியவர் பக்கமிருந்தும் வர வேண்டும். ஒரே கேள்வியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போடுவது, “யாருமே ஹெல்ப் பண்ண மாட்டீங்களா, வேஸ்ட் குரூப்” என்பது எல்லாம் வரும். அவருக்கும் இதே வரிசைதான், முதல் படி தனிச்செய்தி. பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும், பதற்றத்தில் எழுதியிருப்பார்.

8. மாதம் ஒருமுறை இரண்டாவது கேள்வியை எண்ணுங்கள்

உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள், நான் ஏமாந்தேன். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: பெயர், முதல் கேள்வி கேட்ட தேதி, இரண்டாவது கேள்வி கேட்ட தேதி. மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு மணிநேரம் இதற்கு ஒதுக்குங்கள். முதல் கேள்விக்குப்பின் 30 நாளாகியும் மூன்றாவது பத்தி காலியாக இருக்கிறவர்களின் உரையாடலைத் திறந்து, நாம் என்ன பதில் சொன்னோம் என்று வாசியுங்கள். சிலர் வேலை முடிந்து போயிருப்பார்கள், அது பரவாயில்லை. சிலருக்கு நாம் பதிலே சொல்லியிருக்க மாட்டோம். அந்தக் கேள்விகளுக்கு அன்றைக்கே அவர் பெயரைக் குறிப்பிட்டு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதிவிடுங்கள், மூன்று மாதம் ஆகியிருந்தாலும் சரி.